ஐந்து கட்டைக்கு மேலே ஒரு ஜெனரேட்டர்

கோமதி டீச்சர் ஹெட்போனைக் கழற்றினார். வயரை அவசரமே இல்லாமல் சுற்றி மேஜைமேல் வைத்தார்.

நான் பாராட்டு வாங்கத் தயாராக நின்றேன். மூன்று நாள் வேலை அது. வெயில் கொளுத்துகிற மத்தியானங்களில் ஜன்னலை அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து துடைத்த கேசட். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதில் ஓடிக்கொண்டிருந்த ‘உர்ர்ர்’ சத்தத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எடுத்திருந்தேன். என்னைப் பற்றி நானே நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறவன் இல்லை நான். இந்தத் தொடரை வாரா வாரம் படிப்பவர்களுக்கு அது தெரியும்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“பாய், நான் சுருதி சேராமப் பாடுனேன்னு ஊருல இத்தனை வருஷமா வாயாலதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நீங்க அதுக்குச் சாட்சியே தயார் பண்ணிட்டீங்க.”

டீத்தட்டோடு உள்ளே வந்த என் மனைவி ரஹ்மத் அப்படியே நின்றாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. என் முகம் தெரியும். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

டீச்சரும் டீயைத் தொடவில்லை. “வாரேன் பாய்” என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். கீழே கோரிப்பாளையம் முக்கில் ஒரு பஸ்காரன் காரணமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

ஸ்டிக்கரைப் பார்த்து வந்தவர்

அதற்கு ஒரு வாரம் முன்புதான் டீச்சர் முதல் தடவை என்னைத் தேடி வந்தார்.

என் வீடு இருக்கிற இடம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கீழே ஷேர் ஆட்டோக் கூவல், எதிரே பரோட்டாக் கடையில் கொத்து போடும் சத்தம், பக்கத்தில் வெல்டிங் பட்டறை. மதுரையிலேயே இரைச்சலான முக்கில் உட்கார்ந்துகொண்டு, பழைய பாட்டுப் பதிவுகளில் இரைச்சலை நீக்கித் தருகிற தொழில் செய்கிறேன். வெளிச்சத்தம் புகாமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, அதன்மேல் ஜமுக்காளம் தொங்கவிட்டிருக்கிறேன். “முட்டை யாவாரமும் உண்டா பாய்?” என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் கோபம் வரும்.

டீச்சர் அதைக் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட்டை எடுத்து வைத்தார். அதன் முதுகில் என் பழைய ரெக்கார்டிங் கடையின் ஸ்டிக்கர். ‘திருமங்கலம் கோயில் கச்சேரி’ என்று என் கோழிக்கிறுக்கல்.

“இது நீங்க புடிச்சதுதானே?”

நான்தான். அந்தக் காலத்தில் திருவிழா மேடைகளில் ஆம்பிளிஃபயரிலிருந்து ஒரு வயர் இழுத்து, மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு ஸ்டூலில் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்வேன். எத்தனையோ மேடைகள். இந்தக் கச்சேரி சுத்தமாக நினைவில் இல்லை. அதை ஒப்புக்கொண்டேன்.

டீச்சருக்கு மறக்கவில்லை. மறக்க விடவில்லை என்பதுதான் சரி.

அவர் திருமங்கலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவர். அந்தத் திருவிழாவில் முதன்முதலாக முழுக் கச்சேரி கொடுத்தார்கள். கரண்ட் எப்போது போகும் என்று கேட்காமல் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். மேடை முழுவதும் ஜெனரேட்டரில் ஓடியது. இரண்டு மணி நேரம் பாடி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது, முதல் வரிசையிலிருந்து எழுந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“குரலுக்கு ஒரு குறையும் இல்ல. சுருதிதான் கடைசி வரைக்கும் இறங்கியே நின்னுச்சு.”

சொன்னவர் சொக்கலிங்கம் சார். தபால் ஆபீசில் வேலை, மிருதங்கம் வாசிப்பார், காது கூர்மையானவர் என்று பெயர். அவர் தலையசைத்தால் அந்தக் கச்சேரி நல்ல கச்சேரி. அவர் சொன்ன ஒரு வரி பிரசாத வரிசை முடிவதற்குள் கோயிலைச் சுற்றி வந்துவிட்டது. மறுவருஷம் டீச்சரை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. அவரும் பிறகு எந்த மேடையும் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாட வைத்தார், கை தட்டினார், ஓய்வு பெற்று வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

விதியைப் பாருங்கள். சொக்கலிங்கம் சாரும் ஓய்வு பெற்று அதே வண்டியூருக்குத்தான் வந்திருக்கிறார். அங்கே ஒரு கோயிலில் நவராத்திரிக் கமிட்டிச் செயலாளர் அவர்தான். இந்த வருஷம் கமிட்டியில் இருந்த பெண்கள் கோமதி டீச்சரைப் பாடக் கேட்டிருக்கிறார்கள். சார் யோசித்துவிட்டு, “கூப்பிடுங்க. ஆரம்பத்துல அரை மணி நேரம் குடுப்போம், கூட்டம் சேருறதுக்கு முன்னாடி” என்றாராம்.

“அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டீஸ் அச்சுக்குப் போகுது பாய். அதுக்குள்ள பதில் சொல்லணும்” என்றார் டீச்சர். “அரை மணியா, முக்கா மணியான்றது இல்ல எனக்கு. அன்னைக்கு நான் சுருதி விட்டேனா, விடலையா? அது மட்டும் தெரியணும். விட்டிருந்தா வர மாட்டேன்னு சொல்லிட்டுப் பேசாம இருந்துருவேன்.”

“நீங்க இந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டதே இல்லையா?”

“இல்ல.”

“ஏன்?”

“அவர் சொன்னது உண்மையா இருந்துட்டா?” என்றார். கொஞ்சம் கழித்து, “எனக்கே அன்னைக்கு மேடையில ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சரியா நிக்கிறேன்னும் தோணும், சேரலைன்னும் தோணும். யாரோ கையைப் புடிச்சு இழுக்கிற மாதிரி” என்றும் சொன்னார்.

அங்கேயே போட்டோம். குரலுக்கு முன்னால் ‘உர்ர்ர்’தான் வந்தது. அதற்கு அடியில் எங்கோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். சுருதி சேர்ந்ததா, இல்லையா, ஒன்றும் சொல்ல முடியவில்லை. “இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல டீச்சர்” என்று சொல்லி அனுப்பினேன். வாய் இருக்கிறதே, அது என்னுடைய முதல் எதிரி.

சாம்பார் மாமா

இரைச்சல் என்று எதைச் சொல்வது? இந்தத் தொழிலில் அதைத்தான் நான் அடிபட்டு அடிபட்டுக் கற்றேன்.

கேசட் கடையை மூடிவிட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரும் இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேருமாக உட்கார்ந்த புதிதில், சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒருவர் கல்யாணக் கேசட் கொண்டுவந்தார். அவருடைய அப்பா, அம்மா கல்யாணம். அருமையான நாதஸ்வரம். ஆனால் வாசிப்பின் நடுவே பந்தியிலிருந்து ஒரு ஆள் “சாம்பாரு! சாம்பாரு!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார். ராகம் உருகி இறங்கும் இடத்தில் சரியாகச் சாம்பார் வரும்.

நான் நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சாம்பாராகப் பிடுங்கினேன். கத்தியே படாத மாதிரி சுத்தம். வந்தவர் கேட்டார். முகம் வாடிவிட்டது.

“அண்ணே, எங்க மாமா எங்கண்ணே?”

“எந்த மாமா?”

“சாம்பாரு ஊத்துனவரு. எங்கம்மாவோட தம்பி. அந்த வருஷமே தவறிட்டாரு. அவரு குரல் இதுல மட்டுந்தான் இருக்கு.”

பிடுங்கிய சாம்பார்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தேன். வைப்பதற்கு எட்டு நாள் ஆனது. அன்றிலிருந்து, “எதை எடுக்கணும்னு சொல்றதுக்கு முன்னாடி, எதை எடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க” என்றுதான் ஆரம்பிப்பேன். டீச்சரிடம் மட்டும் கேட்கத் தவறிவிட்டேன். கோயில் கச்சேரிதானே, நமக்குத் தெரியாததா என்ற எண்ணம்.

திருடனை அடையாளம் காட்டுவது

செய்த தப்பு என்ன என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சாஃப்ட்வேருக்கு எது பாட்டு, எது இரைச்சல் என்று தானாகத் தெரியாது. நாம்தான் அடையாளம் காட்ட வேண்டும். யாரும் பாடாத, இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு சின்னத் துண்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, ‘இவன்தான் திருடன், முகத்தை நல்லாப் பார்த்துக்கோ’ என்று சொல்ல வேண்டும். பிறகு அந்த முகம் பதிவில் எங்கே தென்பட்டாலும் அது பிடித்து வெளியே தள்ளிவிடும். எல்லோரும் வழக்கமாகப் பாட்டு ஆரம்பிப்பதற்கு முந்தின சில விநாடிகளைத்தான் காட்டுவோம். நானும் அதையே காட்டினேன்.

ஆனால் நம் கச்சேரியில் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் அமைதியா இருக்கும்? சுருதிப் பெட்டி இருக்கும்! பாடுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அது ஒலிக்க ஆரம்பித்து, கடைசியில் எல்லோரும் எழுந்த பிறகுதான் நிற்கும். டீச்சரின் பாட்டுக்கு முந்தின அந்த விநாடிகளில் ஜெனரேட்டரின் ‘உர்ர்ர்’ரும் இருந்தது, சுருதியும் இருந்தது. நான் திருடனோடு சேர்த்து வீட்டுக்காரரையும் கை காட்டிவிட்டேன்.

சாஃப்ட்வேர் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு மணி நேரக் கச்சேரியிலிருந்து சுருதியை அடியோடு உருவி எடுத்துவிட்டது. அதோடு விடவில்லை. டீச்சர் ‘ஸ’ என்கிற ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்தக் குரலும் சுருதியின் முகச்சாயலில் இருந்ததால், அதையும் கடித்துக் குதறியிருந்தது. சரியான இடத்தில் அவர் நின்ற ஒவ்வொரு முறையும் குரல் நடுங்கி, அறுந்து, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்டது. எவ்வளவு சரியாக நின்றாரோ அவ்வளவு மோசமாக ஒலித்தது.

டீச்சர் போன பிறகு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோதுதான் இது எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். சும்மா எழுத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அடித்துக்கொண்டேன். ரஹ்மத் ஓடிவந்தாள்.

“என்னங்க?”

“சுருதியத் தூக்கிட்டேன்டி.”

“தூக்குனதத் திரும்ப வைங்க. சாம்பாரை வச்சீங்கள்ல?”

அவளுக்கு எல்லாமே சாம்பார்தான். ஆனால் அவள் சொன்னது சரி. அசல் பதிவு பத்திரமாக இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

ஒரு கோலி சோடா

மறுநாள் காலையிலேயே வண்டியூர் போனேன். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. சுற்றுச்சுவரில் நடைப்பயிற்சிக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கதவைத் திறந்து, நான் எதற்கு வந்தேன் என்று கேட்காமல் காபி போட உள்ளே போனார்.

“டீச்சர், உங்க குரல்ல தப்பில்ல. நான் பண்ணுன வேலையில தப்பு. இன்னொரு தடவை பாக்குறேன்.”

“எதுக்கு பாய், விடுங்க.”

“விட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குச் சுருதிப் பெட்டி யாரு போட்டா?”

“என் தங்கச்சி. கையால துருத்தி அமுக்குற பெட்டி.”

“அவங்க அதை எப்பவாவது நிறுத்துனாங்களா? ரெண்டு விநாடி நிறுத்தியிருந்தாக்கூடப் போதும்.”

டீச்சர் டபராவைப் பிடித்தபடி யோசித்தார். பிறகு அந்த வாரத்தில் முதன்முதலாகச் சிரித்தார்.

“ஒரு தடவை நிறுத்துனா. நடுவுல மைக்கை வாங்கி, மேடைக்குப் பின்னாடி நிக்கிற வேனை எடுங்கன்னு அறிவிப்புச் சொன்னாங்க. சொல்லி முடிச்சதும் பாத்தா, இவ பெட்டியைக் கீழ வச்சுட்டுக் கோலி சோடா குடிக்கிறா. அந்த இடத்துலயே திட்டுனேன்.”

நான் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வாய் வெந்துவிட்டது.

வேன் அறிவிப்பு கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. “உடனடியாக எடுக்கும்படி” என்று ஒரு குரல் முடித்தது. அடுத்து ‘டப்’ என்று ஒரு சத்தம். சோடாவின் கோலி உள்ளே விழுந்த சத்தம்! பாட்டில்லாமல், பேச்சில்லாமல், சுருதியும் இல்லாமல், ஜெனரேட்டர் மட்டும் தன்னந்தனியாக உறுமுகிற சில விநாடிகள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

சாஃப்ட்வேரில் சத்தத்தைப் படமாகவும் பார்க்கலாம். விடாமல் ஒலிக்கும் சத்தம் கிடைக்கோடாகத் தெரியும். அதுவரை தடித்த ஒற்றைக் கோடாக நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு கோடுகள். நூலிழை இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடின. சோடா குடித்த இடத்தில் கீழ்க்கோடு அறுந்தது, மேல்கோடு தொடர்ந்தது. அப்படியென்றால் கீழே ஓடுவது சுருதிப் பெட்டி. மேலே ஓடுவது ஜெனரேட்டர்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாடுகிறவர்கள் தங்கள் குரலுக்குத் தகுந்த ஆதார சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். டீச்சருக்கு ஐந்து கட்டை. கரண்டுக்கும் ஒரு சுருதி உண்டு. எர்த் சரியில்லாத மைக்செட்டில் ஸ்பீக்கர் உறுமுகிறதே, அதுதான். பந்தல்காரர்கள் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, உப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி எர்த் கொடுப்பார்கள். வெயிலில் அது காய்ந்துபோனால் உறுமல் கிளம்பிவிடும். அந்த உறுமல் போய் நிற்கிற இடம் ஐந்து கட்டைக்கு மிகப் பக்கத்தில், ஒரு நூல் மேலே. நாலு கட்டை பாடுகிறவருக்கு அது வெறும் இரைச்சல். ஐந்து கட்டை பாடுகிறவருக்கோ அது இன்னொரு சுருதி. பொய்ச் சுருதி!

டீச்சரின் குரல் எங்கே நின்றது என்று பார்த்தேன். அவர் ஸட்ஜத்தில் நின்ற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். எல்லாமே கீழ்க்கோட்டின்மேல் இருந்தன. ஒரு இடத்தில்கூட மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை.

“ரஹ்மத்! இங்க வா!”

வந்து பார்த்தாள். “கோடு கோடா இருக்கு” என்றாள்.

“கோடு இல்லடி, தீர்ப்பு” என்றேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மீதி நாளும் மறுநாள் முழுதும் மேல்கோட்டை மட்டும் உரித்தேன். விளக்கு கூடினால் ஜெனரேட்டரின் சுருதி கொஞ்சம் இறங்கும், குறைந்தால் ஏறும். அதன் பின்னாலேயே பாட்டுப் பாட்டாகப் போனேன். கீழ்க்கோட்டைத் தொடவில்லை. குரலைத் தொடவில்லை. வியாழன் சாயந்திரம் முடித்துக் கேட்டபோது, என் உடம்பு சிலிர்த்தது. அப்படி ஒரு குரல். அந்தக் குரலைக் கூட்டம் சேருவதற்கு முன் அரை மணி நேரம் பாடச் சொல்கிறார்கள்!

சாரின் காது

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு நேராக வண்டியூர் போனேன். டீச்சர் சொக்கலிங்கம் சாரையும் வரச் சொல்லியிருந்தார். “நான் மட்டும் கேட்டா நான் நம்ப மாட்டேன் பாய். அவர் சொல்லி வந்த சந்தேகம், அவர் காதாலதான் போகணும்.” டீச்சர் எனக்காகக் காத்திருக்காமல், சுத்தம் செய்த பதிவை நல்லதா கெட்டதா என்றுகூட முன்னால் கேட்டுப் பார்க்காமல், சாரைக் கூப்பிட்டிருந்தார். எனக்கே அந்தத் தைரியம் இருந்திருக்காது.

சார் ஒடிசலான மனிதர். சட்டைப்பையில் நோட்டீஸ் கையெழுத்துப் பிரதி நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தொடையில் தாளம் போட்டார். இரண்டாவது பாட்டில் தலை அசைந்தது. டீச்சர் அவர் முகத்தைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன.

பாட்டு முடிந்தது. சார் கண்ணைத் திறந்தார்.

“பிரமாதமா இருக்கு. ஆனா பாய், தப்பா நினைக்கப்படாது. இப்பத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் சரி பண்ணிடலாமே? கழுதையக் கத்தவிட்டாக்கூடச் சுருதி சேத்துருவாங்களாம்ல?”

டீச்சரின் விரல்கள் நின்றன.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வந்த வார்த்தையை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனால் டீச்சர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பினேன். சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. மிச்சம் வைத்ததைப் போல, வெளியே எடுத்துப் போட்டதையும் தனியாகக் கேட்கலாம்.

“சார், நான் இந்தப் பதிவுலருந்து என்ன எடுத்தேன்னு கேளுங்க. டீச்சர் குரல் ஒரு துளி இதுல இருந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுடுறேன்.”

போட்டேன். ‘உர்ர்ர்ர்’ என்று ஜெனரேட்டர் மட்டும் வந்தது. பாட்டின் வாசனைகூட இல்லை. சார் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். சங்கீதக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீங்கள் கவனித்திருப்பீர்கள். விடாமல் ஒலிக்கிற எந்தச் சத்தம் காதில் விழுந்தாலும், அதன்மேல் தானாக ஒரு ‘ம்ம்ம்’ போட்டுச் சேர்ந்துகொள்வார்கள். சாரும் சேர்ந்துகொண்டார். ஜெனரேட்டரும் சாரும் ஒரே சுருதியில் முனகினார்கள். துல்லியமாக.

“இது அஞ்சு கட்டைதானே?” என்றார் சார்.

டீச்சர் எழுந்தார். அலமாரியிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று தங்கச்சி போட்ட அதே பெட்டி. துருத்தியை விரித்து, ஐந்து கட்டையைத் திறந்து அமுக்கினார்.

அறைக்குள் இரண்டு சத்தமும் மோதின. வவ்... வவ்... வவ்... வவ்... என்று காற்றே அதிர்ந்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு சுருதிகள் அப்படித்தான் அடித்துக்கொள்ளும். சேர்ந்திருந்தால் அந்த அதிர்வு வராது. சங்கீதம் தெரியாத குழந்தைகூடக் காதைப் பொத்தியிருக்கும்.

சார் முனகலை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார், பிறகு லேப்டாப்பைப் பார்த்தார், பிறகு டீச்சரைப் பார்த்தார்.

“ரெண்டும் சேரலைன்னு உங்க காது சொன்னது சரிதான் சார்” என்றேன். என் குரலில் கொஞ்சம் திமிர் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். “எது சுருதின்றதுலதான் தப்புப் பண்ணிட்டீங்க. நீங்க டீச்சரை ஜெனரேட்டர்கூடச் சேரலைன்னு சொல்லியிருக்கீங்க.”

“நான் ஸ்பீக்கருக்கு நேரா உக்காந்திருந்தேன்” என்றார் சார், யாரிடமோ சொல்வது போல. “பெட்டிச் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல. இதுதான் கேட்டுச்சு. இதத்தான் சுருதின்னு...” எழுந்து நின்றார். கை கூப்பினார். “டீச்சர், தப்பு என்னோடது. எத்தனை வருஷம்! ஒரு வார்த்தைதானேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.”

டீச்சர் துருத்தியை மூடினார். “உக்காருங்க சார்” என்றார். அழவில்லை. அழுதது நான்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

சார் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தார். டீச்சரின் பெயருக்கு எதிரே இருந்த ‘அரை மணி’யை அடித்தார். கடைசி நாளுக்கு நேராக அந்தப் பெயரை எழுதி, “ரெண்டு மணி நேரம் போதுமா?” என்று கேட்டார்.

“ரெண்டரை” என்றார் டீச்சர்.

அவர் ரெண்டரை என்று எழுதினார். இந்த நவராத்திரியில் டீச்சர் ரெண்டே முக்கால் மணி நேரம் பாடினார் என்பதையும், பெட்டியை அதே தங்கச்சிதான் போட்டார் என்பதையும், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்தக் கச்சேரி அல்ல. அந்த வெள்ளிக்கிழமை நான் லேப்டாப்பை மூடப் போன நேரத்தில் நடந்ததுதான்.

“பாய், அந்தச் சத்தத்தோட இருக்கிறதை ஒரு தடவை போடுங்களேன். அசலை.”

“அது எதுக்கு டீச்சர்? அதுதான் சுத்தம் பண்ணியாச்சே.”

“போடுங்க.”

போட்டேன். அறை முழுக்க ஜெனரேட்டர் உறுமியது. இப்போது எது எது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கீழே மெல்லிய பெட்டி, மேலே அந்தப் பொய்ச் சுருதி, அதன் இழுப்புக்கு நடுவே இளவயது கோமதி டீச்சர். முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த சார், திடீரென்று கையை உயர்த்தினார்.

“இந்த இடத்தைக் கவனிச்சீங்களா? வயலின்காரர் ஜெனரேட்டர் பக்கம் போயிட்டாரு. ஏறிட்டாரு பாருங்க. டீச்சர் ஏறலை!”

டீச்சர் கேட்டார். இரண்டு மணி நேரம் முழுவதும் கேட்டார். மேடை, மைக், வயலின், முன்வரிசை எல்லாம் ஒரு பக்கம் சாய, தங்கச்சியின் சின்னப் பெட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றதைக் கேட்டார். கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் வந்தபோது அவர் முகம் நிமிர்ந்திருந்தது.

“சுத்தம் பண்ணுனது சாருக்குக் குடுங்க, கமிட்டிக்கு ஆகும்” என்றார். “எனக்கு இது குடுங்க பாய். ஒரு சத்தத்தையும் எடுக்காதீங்க. இம்புட்டுப் பெரிய சத்தம் இழுத்திருக்கு. நான் போகலையே!”